எண்ணூர் வரை ரயில் வேண்டும்

2021 பிப்ரவரி 14 அன்று வடசென்னைக்கான இரண்டு ரயில் பாதைகளைப் பிரதமர் ஒரே விழாவில் தொடங்கிவைத்தார். ஒன்று, வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9.05 கிலோமீட்டருக்கு 3,770 கோடி ரூபாயில் நீட்டிக்கப்பட்ட மெட்ரோ. மற்றொன்று, சென்னை கடற்கரையிலிருந்து அத்திப்பட்டு வரை 22.1 கிலோமீட்டருக்கு 293.40 கோடி ரூபாயில் போடப்பட்ட நான்காவது பாதை. துறைமுகச் சரக்குப் போக்குவரத்தை எளிதாக்கும் என்று சொல்லப்பட்ட அந்தப் பாதை அத்திப்பட்டு வரை போய்ச் சேர்ந்துவிட்டது. பயணிகளுக்கான மெட்ரோ விம்கோ நகரோடு நின்றுவிட்டது. அங்கிருந்து கத்திவாக்கம், எண்ணூர் வழியாக அத்திப்பட்டு வரை ஓர் இலகு ரயில் சேவையைத் தமிழக அரசு தொடங்க வேண்டும்.

விடிவதற்கு முன் எண்ணூர் விரைவுச் சாலையில் நின்று பார்த்தால் இதன் அவசரம் புரியும். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர்கள் ஓரத்தை அடைத்துக்கொள்கின்றன. மிச்சமிருக்கும் இடுக்கில், தோளில் சாப்பாட்டுப் பையுடன் ஆறு மணி ஷிப்டுக்குப் பறக்கிறார்கள் இருசக்கர வாகனத் தொழிலாளர்கள். ஷேர் ஆட்டோவில் ஓட்டுநருக்கு இருபுறமும் ஆள் தொற்றிக்கொண்டு போகிறது. கன்டெய்னர் லாரிச் சக்கரத்தில் சிக்கி இச்சாலையில் போன உயிர்கள் கொஞ்சமல்ல.

மின்சார ரயில்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்டதே இந்த மண்ணின் இராயபுரத்திலிருந்துதான். ஆனால் கும்மிடிப்பூண்டி மார்க்கம் டெல்லிக்கும் ஹவுராவுக்கும் விஜயவாடாவுக்கும் போகும் விரைவு ரயில்களின் மார்க்கமும்கூட. சரக்கு ரயில்களும் இந்தத் தடத்தில்தான் போய்வந்தாக வேண்டும். விரைவு ரயிலுக்கும் சரக்குக்கும் வழிவிட்டு நிற்கிற ரயிலை நம்பி ஷிப்டுக்குக் கிளம்ப யாருக்கும் துணிவு வராது. தனித் தடத்தில், பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வரும் சிறிய ரயில்தான் அந்த நம்பிக்கையைத் தரும்.

மெட்ரோவையே நீட்டினால் செலவு தாங்காது என்பது நியாயமான வாதம். முந்தைய நீட்டிப்புக்கே கிலோமீட்டருக்கு 400 கோடிக்கு மேல் ஆகியிருக்கிறது. அதனால்தான் இலகு ரயில் என்கிறோம். குறைந்த கூட்டமுள்ள தடங்களுக்காக மத்திய அரசு 2019-லேயே ‘மெட்ரோலைட்’ விதிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. தாம்பரம் - வேளச்சேரி தடத்துக்கு இந்த யோசனை ஆராயப்பட்டது. வடசென்னையைப் பொறுத்தவரை, 118.9 கிலோமீட்டர் நீளும் மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரத்துக்கு இடம் கிடைத்தது. அதை வரவேற்கிறோம். ஆனால் கடலோர வடசென்னைக்கு அதில் ஒரு நிலையம்கூட இல்லை. கத்திவாக்கமும் திருவொற்றியூரும் 2011-லேயே மாநகராட்சியோடு இணைக்கப்பட்டுவிட்டன. மாநகரத்துக்கு மின்சாரமும் பெட்ரோலும் தரும் ஆலைகளின் புகையையும் சாம்பலையும் அதற்கு முன்பிருந்தே இம்மக்கள் சுவாசித்து வருகிறார்கள்.

பாதை போட்டால் மட்டும் போதாது, அதைத் திறக்கும் விதமும் முக்கியம். விம்கோ நகர் மெட்ரோ ஓடத் தொடங்கிய நாளில் திருவொற்றியூர் தேரடி நிலையம் தயாராகவில்லை. வடிவுடையம்மன் சன்னிதிக்கு வருகிற கூட்டம் இறங்க வேண்டிய இடம் அது; கடைத்தெருவுக்கும் அதுதான் வாசல். 2022 மார்ச் 13 வரை, பதின்மூன்று மாதங்கள், ரயில்கள் அங்கே நிற்காமலே போய்வந்தன. புதிய சேவையின் முதல் ஆண்டில்தான் மக்கள் தங்கள் பயணப் பழக்கத்தை மாற்றிக்கொள்வார்கள். அந்த ஆண்டில் நிலையம் பூட்டிக் கிடந்தால் அவர்கள் ஷேர் ஆட்டோவுக்கே திரும்பிவிடுவார்கள். பிறகு கூட்டம் இல்லை என்ற புள்ளிவிவரம் அடுத்த நீட்டிப்புக்கு எதிரான சாட்சியாகிவிடும். எண்ணூர்ப் பாதையில் எல்லா நிலையங்களும் ஒரே நாளில் திறக்கப்பட வேண்டும்.

கால அட்டவணையை ஆலைகளின் சங்கு நேரத்திலிருந்து எழுத வேண்டும். மெட்ரோவின் முதல் ரயில் காலை 5 மணிக்குப் புறப்படுகிறது. விமான நிலையத்தில் அதைப் பிடிப்பவர் விம்கோ நகரை எட்டும்போதே ஆறு மணி ஷிப்டு தொடங்கிவிடும். ஆகவே எண்ணூர் சேவை 4.30 மணிக்காவது ஓட வேண்டும், மெட்ரோவும் அதற்கேற்பத் தன் நேரத்தை முன்தள்ள வேண்டும். இரவு பத்து மணிக்கு ஷிப்டு முடித்து வரும் பெண்களுக்கு வெளிச்சமுள்ள நடைபாதையும் வாசலிலேயே மாநகரப் பேருந்தும் தேவை. பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் பொதுவான ‘சென்னை ஒன்’ செயலியை 2025-ல் கொண்டுவந்த சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் (கும்டா), புதிய சேவையையும் முதல் நாளிலேயே அதில் சேர்க்க வேண்டும். கட்டணமும் ஒப்பந்தத் தொழிலாளியின் நாள்கூலியைப் பார்த்து நிர்ணயிக்கப்பட வேண்டும்.

ஒரு நிபந்தனையில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எண்ணூர் முகத்துவாரத்திலும் கொசஸ்தலை ஆற்றிலும் மண் கொட்டித் தூண் எழுப்பும் வேலை வேண்டாம். சாம்பல் படிந்தும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவில் மூழ்கியும் அந்த நீர்நிலை ஏற்கெனவே தன் மீனை இழந்து நிற்கிறது. வலை எறிந்து வாழும் குப்பத்து மக்கள் இந்தப் பாதைக்காக இன்னொரு முறை இழக்கக் கூடாது.

2006-லும் 2011-லும் அறிவிக்கப்பட்ட மோனோரயில் இந்நகரில் ஒரு தூண்கூட எழும்பாமல் மறைந்தது. இன்னொரு வெற்று அறிவிப்பு எண்ணூருக்குத் தேவையில்லை. வட சென்னை வளர்ச்சித் திட்டத்தில் இந்தப் பாதையின் விரிவான திட்ட அறிக்கைக்கு நிதி ஒதுக்கி, அதை முடிக்கும் தேதியையும் அரசு வெளியிட வேண்டும். அறிக்கை எழுதத் தொடங்கும் முன் கும்டாவும் மெட்ரோ நிறுவனமும் தெற்கு ரயில்வேயும் எண்ணூரில் ஒன்றாக உட்கார்ந்து ஆலைத் தொழிற்சங்கங்களையும் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகளையும் கேட்க வேண்டும்.