வட்டிக் கணக்கும் வாழ்க்கைக் கணக்கும்

விழா மலருக்கு எழுதும் பழைய மாணவர் பலர் தம் ஆசிரியர்களையும் விளையாட்டு வெற்றிகளையும் நினைவுகூர்வர். நானோ ஒரு குறையை எழுத விழைகின்றேன். அது நம் கல்லூரிக்கு மட்டும் உரியதன்று. நாட்டின் உயர்தரப் பாடசாலைகள் யாவற்றுக்கும் பொதுவானது.

இறப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ருவான்வெல்லையிலே சில ஆண்டுகளாக வசித்து வருகின்றேன். ஒருநாள் மாலை, பால்வெட்டும் அம்மையார் ஒருவர் தம் மகனுடன் கடன் பத்திரமொன்றைக் கொண்டுவந்தார். 50,000 ரூபாக் கடன், மாதம் நூற்றுக்கு 2 ரூபா வட்டி, 12 தவணை. “ரெண்டு வட்டிதானுங்களே ஐயா, ஊர் வட்டிய விடக் கொறவுதானுங்க” என்றார். மகன் சாதாரண தரப் பரீட்சையிலே கணிதத்தில் ‘ஏ’ சித்தி பெற்றவன். அவன் பத்திரத்தைப் பார்க்கவேயில்லை. முற்றத்து நாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மாதந்தோறும் முதலிற் சம பங்கைச் செலுத்தி, எஞ்சிய மீதிக்கு மட்டும் வட்டி கணித்தால் ஓராண்டு வட்டி 6,500 ரூபா. அப்பத்திரமோ பன்னிரண்டு மாதமும் முழு முதலுக்கே வட்டி போட்டு 12,000 ரூபா கேட்டது. வீதம் ஒன்றே, வேறுபாடு 5,500 ரூபா. குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி காணும் முறை பதினோராந் தரக் கணித நூலிலேயே இருக்கின்றது. அதை நினைவூட்டியபோது, “அது சோதனைக்குப் படிச்சதுங்களே?” என்றான் பையன்.

இவ்விதக் கடன்கள் விளைத்த துயரம் சிறிதன்று. 2018ஆம் ஆண்டில் அரசே தலையிட்டு, வரட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது.

ஆயினும், புதிய பாடமொன்று வேண்டுமென்று நான் கேட்கவில்லை. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைக் கொணர்ந்தது. 1977இல் ஆட்சி மாறிய பின் அவை கைவிடப்பட்டன. தனியே நிறுத்திய பாடத்தை ‘மட்டமான பிள்ளைகளின் பாடம்’ என ஒதுக்குவது நம்மவர் வழக்கம். கணித வகுப்பிலேயே, உள்ள கணக்கையே, உண்மைப் பத்திரத்தை வைத்துக்கொண்டு கற்பித்தாற் போதும்.

சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் வழி வந்தது ஊழியர் சேமலாப நிதி. 20,000 ரூபா உழைப்பவரிடம் நூற்றுக்கு 8 வீதமாக 1,600 ரூபா கழிக்கப்படும். தொழில் கொள்வோர் 12 வீதமாக 2,400 ரூபா சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் தரவேண்டிய 3 வீதம் வேறு. கழித்த தொகை சீட்டிலே தெரியும்; சேர்த்த தொகை நிதியின் கணக்குக் கூற்றிலேதான் தெரியும். அக்கூற்றை வாசிக்கத் தெரிந்த பத்தாந் தர மாணவன் எத்தனை பேர்?

பணத்தினும் பெரிய சிக்கல் பெயர். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, செக்ரோலில் வீட்டார் அழைக்கும் செல்லப்பெயர். முப்பது ஆண்டு உழைத்தவர் தம் சேமலாபப் பணத்தைப் பெற முடியாமற் சத்தியக் கடதாசிகளோடு அலைவதை நான் கண்டிருக்கின்றேன். பதினைந்து வயதில் அடையாள அட்டைக்கான விண்ணப்பம் அதிபரின் கையாலேயே அத்தாட்சி பெறுகின்றது. எழுத்துக்கெழுத்து ஒப்புநோக்க அதனினும் ஏற்ற வேளை வாய்க்குமோ?

கல்விக்கூடம் கலைமகளின் கோயில், அங்கே காசுப் பேச்செதற்கு என்பாருமுளர். வள்ளுவனார் பொருள்செயல்வகைக்கு ஓர் அதிகாரமே வகுத்தாரே! வீட்டிற் கற்கட்டும் என்பார்க்கு, அவ்வம்மையாருக்கு யார் கற்பித்தார் என்பதே என் வினா. கணக்கறிவு குறைந்த கூலியைக் கூட்டிவிடாது என்பது மெய். அக்கூலியிலிருந்து 5,500 ரூபா வீணே போகாமற் காக்கும். அதற்குமேல் நான் உரிமை கோரவில்லை.

பழைய மாணவரிலே வங்கியாளரும் கணக்காளரும் சட்டத்தரணிகளும் உளர். தவணைக்கொரு சனிக்கிழமை, பத்தாந் தர வகுப்புக்கு ஒருவர் வரலாம். பிள்ளைகள் வீட்டுச் சீட்டுகளைப் பெயர் மறைத்துக் கொணரட்டும். தந்தையின் சம்பளத்தை வகுப்பறிய வைப்பது எந்தப் பிள்ளைக்கும் கூச்சந்தரும். முதற் சனிக்கிழமைக்கு நான் வருகின்றேன். அப்பத்திரத்தின் பிரதியொன்று என்னிடம் இருக்கின்றது. கொண்டுபோக அம்மையார் இசைந்துள்ளார்.