விரல் ரேகை தந்த புகழ்

பத்திரப் பதிவு அலுவலகத்திலோ ஆதார் நிலையத்திலோ விரலைப் பதியாத குடும்பம் இந்நாளில் நம்மிடையே அரிது. அந்த ரேகையைக் காவல் துறையின் கருவியாக்கிய பெருமை ஸர் எட்வர்ட் ஹென்றி என்னும் ஆங்கில அதிகாரியைச் சேரும் என்பர். அப்பெருமை முழுவதும் அவருக்கே உரியதா என்பதை இம்மாதம் நோக்குவோம்.

1850-இல் லண்டனில் பிறந்த ஹென்றி, 1873-இல் ஐ.ஸி.எஸ். அதிகாரியாக வங்காளம் வந்தார்; 1891-இல் அம்மாகாணப் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். குற்றவாளியின் உடலுறுப்புகளை அளந்து அடையாளம் காணும் பிரெஞ்சு முறை அன்று வழக்கில் இருந்தது. அளப்பவர் கை சற்றே பிசகினும் ஆள் மாறிப்போகும். ரேகையோ மாறாது; ஆயின், ஆயிரமாயிரம் தாள்களுக்கிடையே வேண்டிய ஒன்றைத் தேடி எடுப்பது எங்ஙனம்?

இவ்விடரைத் தீர்ப்பதில் பெரும்பங்கு கொண்டவர்கள், அவர்கீழ்ப் பணியாற்றிய காஜி அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இந்தியர் இருவர். பத்து விரல்களையும் ஐந்து இணைகளாக்கி, சுழி உள்ள விரலுக்கு மட்டும் 16, 8, 4, 2, 1 என இணைக்கேற்ப மதிப்பளித்து, அக்கணக்கின்படி தாள்களை 1,024 அறைகளில் பிரித்து வைப்பதே அம்முறை. 1897-இல் கல்கத்தாவில் ரேகை நிலையம் எழுந்தது. 1901-இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டிலும் ஹென்றி அதனை நிறுவினார். 1903-இல் அந்நகரப் போலீஸ் கமிஷனரானார். முறைக்கு அவர் பெயரே நிலைத்தது.

ஹென்றி குணத்தில் சிறியவரல்லர். 1912-இல், வாடகை வண்டி ஓட்ட உரிமம் மறுக்கப்பட்ட ஒருவன் அவரைச் சுட்டான். உயிர் தப்பிய அவர், அவனுக்காகவே நீதிமன்றத்தில் பரிந்து பேசினார். 1922-இல் விடுதலையானபின் அவன் கனடா செல்லப் பயணச் செலவும் ஈந்தார். 1918-இல் லண்டன் போலீஸார் வேலைநிறுத்தம் செய்தபோது பதவி துறந்தார். 1926-இல், தம் அலுவலருள் ஹக்கே இம்முறைக்கு மிகுதியும் உதவினார் என்று எழுத்தில் ஒப்பினார். ஆனால் அவ்வொப்புதல், முறை பிறந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்தபின் வந்தது.

1975 முதல் தேசியப் போலீஸ் அகாடமி நம் ஹைதராபாத்தில் இயங்குகிறது. அங்குப் பயிலும் இளைஞர் ஹென்றியின் பெயரோடு ஹக், போஸ் பெயர்களையும் அறிதல் நன்று. அலுவலகங்களில் மேலாளராய் அமர்ந்துள்ள நம் பிள்ளைகளுக்கும் இதில் பாடமுண்டு: கீழுள்ளவன் கண்டதை, அவன் பணியில் இருக்கும்போதே அவன் பெயரால் சொல்லுக.