தியாகத்தைப் போற்றாத தாய்

போர்க்காலத் தாய்மாரை வரைந்த படங்கள் என்றாலே ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. அவை தியாகத்தைப் போற்றுகின்றன, கண்ணீரோடு நின்றுவிடுகின்றன, போர்முனையை அறியாதவர்கள் வரைந்தவை என்கிறார்கள். ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1923இல் வெளியிட்ட ‘போர்’ என்ற ஏழு மரச்செதுக்குப் படங்களைப் பொறுமையாகப் பார்த்த எவரும் இப்படிப் பேசமாட்டார்கள்.

தியாகத்தைப் போற்றுவதாகச் சொல்லும் குற்றச்சாட்டுதான் கனமானது. வரிசையின் முதல் படத்துக்குப் பெயரே ‘பலி’. ஆடையில்லாத ஒரு தாய் கைக்குழந்தையை ஏந்தி நீட்டுகிறாள். அந்தக் கை யாருடையது என்று தெரிந்தால் படம் வேறாகத் தெரியும். 1914இல் கேத்தேயின் இளைய மகன் பேட்டர் படையில் சேரத் துடித்தான். வயது 18 என்பதால் தந்தையின் சம்மதம் தேவை. மருத்துவரான தந்தை கார்ல் மறுத்தார். அவரிடம் மகனுக்காகப் பேசி இசையவைத்தவர் கேத்தே. அதே ஆண்டு அக்டோபரில் பெல்ஜியத்தில் பேட்டர் இறந்தான்.

அந்த டிசம்பரிலேயே மகனுக்கு நினைவுச்சின்னம் ஒன்றைத் திட்டமிட்டார். தாமாக முன்வந்து போருக்குப் போன இளைஞர்களின் தியாகத்துக்கே அதைக் காணிக்கையாக்க அப்போது எண்ணினார். மகனின் உடல் நீட்டிக் கிடக்க, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பெற்றோர் இருப்பதாகக் கற்பனை. 1932இல் பெல்ஜியத்தின் படைவீரர் கல்லறையில் சிற்பம் நிறுவப்பட்டபோது மகன் உருவமே இல்லை. மண்டியிட்ட தாயும் தந்தையும் மட்டும், ஒருவரையொருவர் தொடாமல், தனித்தனியே. மகன் வாழ்ந்த அளவு ஆண்டுகள் அந்த வேலைக்குப் பிடித்தன. அவ்வளவு காலமும் அவர் செய்தது, தாமே நம்பிய தியாகத்தைத் தம் கையாலேயே கலைத்ததுதான். இதைப் போற்றுதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போர்முனையை அறியாதவர் என்பதும் சரியான அளவுகோல் அல்ல. பதுங்குகுழியில் கிடந்த ஓவியர் ஓட்டோ டிக்ஸ் 1924இல் வெளியிட்ட 50 செதுக்கோவியங்கள் சேற்றையும் பிணத்தையும் காட்டுகின்றன. அவற்றின் பெருமை குறையாது. ஆனால் ஒரு பையன் வீட்டிலிருந்து அந்தக் குழிக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்பதை அவை காட்டுவதில்லை. கேத்தேயின் ‘தன்னார்வலர்கள்’ காட்டுகிறது: மரணம் முரசறைந்து முன்செல்ல, இளைஞர்கள் மயங்கிப் பின்தொடர்கிறார்கள். மரணத்துக்கு மிக அருகில் இருப்பவன் பேட்டர். சம்மதம் கேட்கப்படும் வீட்டுக்கூடமும் போரில் ஒரு பகுதிதான். அதை உள்ளிருந்து கண்டவர் அவர்.

கண்ணீரோடு நின்றுவிட்டார் என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1918 அக்டோபரில் கவிஞர் ரிச்சர்ட் டேமல் கடைசிப் போராட்டத்துக்கு ஆள் கேட்டபோது, இறந்தது போதும் என்று கேத்தே வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். 1933இல் நாஜிகள் அவரைக் கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றினார்கள். அவரது 1942இன் கல்லச்சுப் படத்தில் ஒரு தாய், திமிறும் சிறுவர்களை மேலங்கிக்குள் அமுக்கிப் பிடிக்கிறாள். ‘பலி’யில் நீட்டிய கை இங்கே இறுகிவிட்டது. அவ்வாண்டே பேரன் பேட்டரும் ரஷ்யாவில் போரில் மடிந்தான்.

ஒரு மறுப்பை மட்டும் நான் ஏற்கிறேன். இத்தகைய படைப்புகளை அரசுகள் தமக்கு வசதியாக்கிக்கொள்கின்றன. இறந்த மகனை மடியில் தாங்கிய தாயை அவர் சிறு சிற்பமாகத்தான் வடித்தார். 1993இல் ஜெர்மன் அரசு அதைச் சுமார் நான்கு மடங்காகப் பெரிதாக்கி பெர்லினின் ‘நோயெ வாஹெ’ மண்டபத்தில் நிறுத்தி, போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியான எல்லாருக்கும் பொதுவாக்கியது. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே மடியிலா என்று அன்றே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கேத்தே 1945 ஏப்ரலிலேயே இறந்துவிட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சிலையைப் பெரிதாக்கியவர்கள்.