யார் விழும்போது சிரிக்கிறோம்?

“நகைச்சுவைப் படத்தில் அரசியலைத் தேடாதீர், சிரித்துவிட்டுப் போங்கள்” எனச் சித்தூரிலும் திருப்பதியிலும் நம் தோழர்களிலேயே சிலர் கூறுகின்றனர். இதை ஏற்பதற்கில்லை.

ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில், வேலைநீக்கம் செய்யப்பட்ட இளைஞன் எஸ்டேட் முதலாளியின் வீட்டெதிரே கூடாரமடித்து, வேலை கேட்டுப் பாடுகிறான். நாகேஷ் கதை சொல்லச் சொல்ல, அதே முதலாளியான பாலையா நடுங்குகிறார். அதட்டிப் பழகிய முகத்தில் அச்சம் படர்வதே அங்கு நகைச்சுவை.

சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ (1936) படத்தில், உணவு இடைவேளையை ஒழிப்பதற்கென முதலாளியின் முன் சோதிக்கப்படும் ஊட்டும் இயந்திரம் பழுதாகித் தொழிலாளியின் முகத்தில் அறைகிறது. அவனது நிமிடங்களைத் திருட வந்த கணக்கு கவிழ்வதாலேயே சிரிக்கிறோம். ஸ்ரீசிட்டி ஆலைகளில் கன்வேயர் முன் நிற்பவருக்கு இக்காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படாது.

கறுத்த நிறம், பருத்த உடல், திக்கும் நாக்கு, வீட்டு வேலையாளின் அறியாமை ஆகியவற்றைக் காட்டிச் சிரிக்கவைக்கும் காட்சிகளிலோ அதிகாரம் இம்மியும் அசைவதில்லை. ஏற்கெனவே அடிபட்டவரே மீண்டும் அடிபடுகிறார். அங்கே “வெறும் சிரிப்புதானே” என்பது அடிப்பவனுக்கான வக்காலத்து.

தடை எதையும் நாம் கோரவில்லை. கிளைக் கூட்டம் முடிந்ததும் ஒன்றாக அமர்ந்து படம் பார்ப்போம், தோழர்களே! யார் விழுந்தபோது சிரித்தோம் என்பதையும் விவாதிப்போம்.