விதியும் காரணமும்

விதிகளை மனப்பாடம் செய்தாலே போதும் என்பார் உளர், நான் உடன்படேன். அமெரிக்காவில் 'லிட்டில் லீக்' அமைப்பு 1974-இல் சிறுமியருக்கெனத் தொடங்கிய சாப்ட்பால் ஆட்டத்தைப் பாருங்கள்.

முதல், இரண்டாம் தளங்களில் ஓட்டக்காரர் நிற்கின்றனர். ஆட்டமிழந்தோர் இருவருக்கும் குறைவு. எளிதில் பிடிக்கத்தக்க பந்து உள்களத்தில் உயர எழுகிறது. பிடிக்கும் முன்பே, அடித்தவர் 'அவுட்' என்கிறார் நடுவர்! இது அநீதியா? அன்று. பந்து பிடிபடும் என்றெண்ணி ஓட்டக்காரர் தளத்திலேயே நிற்பர். தடுப்பவர் வேண்டுமென்றே நழுவவிட்டால், அவ்விருவரையும் எளிதில் வீழ்த்திவிடலாம். அந்தச் சூதைத் தடுக்கவே இவ்விதி.

காரணம் அறியாத சிறுமி நடுவரை வெறுப்பாள். அறிந்தவள் நேர்மையைக் கற்பாள். ஆகவே நண்பர்களே, விதியைச் சொல்லித் தருவோர் அதன் காரணத்தையும் சேர்த்தே சொல்லட்டும்!