ஸ்டிக்கருக்கு உங்கள் எஞ்சினைத் தெரியாது



கொஞ்சம் நீண்ட பதிவு. பழைய கார், வேன் வைத்திருப்பவர்கள் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள். வாசித்த பிறகு ஏசுவதென்றால் ஏசுங்கள்.

நாங்கள் நாலு ஆசிரியர்கள். எழுவான்கரையிலிருந்து பட்டிருப்புப் பாலம் கடந்து வெல்லாவெளிப் பக்கம் தினமும் வந்து போகிறோம். நாலு பேருக்கும் ஒரு கார். தொண்ணூறுகளில் வந்த கொரோல்லா. எங்களில் ஒருவரும் மெக்கானிக் இல்லை. பெற்றோல் காசை நாலாகப் பிரிக்கிறோம், ரிப்பேர் காசையும் நாலாகப் பிரிக்கிறோம். அதனால் ஒவ்வொரு ரூபாவுக்கும் நாலு பேர் கணக்குக் கேட்கிறோம்.

இந்தக் காருக்கு மூன்று வருஷமாக ஃபுல் சிந்தெடிக் ஒயில்தான் ஊற்றினோம். விலை கூடிய சாமான். "பழைய எஞ்சின் சேர், நல்ல ஒயில் போட்டாத்தான் நிக்கும்" என்றார்கள், போட்டோம். ஒவ்வொரு முறையும் முன்கண்ணாடி மூலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள்: அடுத்த மாற்றம் 3,000 கிலோமீற்றரில். நாங்களும் நல்ல பிள்ளைகள் மாதிரி மீற்றரைப் பார்த்துப் பார்த்துப் போய் மாற்றினோம். ஒரு தடவைகூடப் பிந்தவில்லை.

அப்படியிருக்க, ஒரு நாள் பள்ளி விட்டு வரும்போது பாலத்துக்குக் கிட்ட வளைவில் சிவப்பு ஒயில் லைட் மின்னியது. ஓரங்கட்டிப் பொனட்டைத் திறந்து டிப்ஸ்டிக் கம்பியை இழுத்தோம். கம்பி காய்ந்து கிடந்தது. திரும்பவும் துடைத்து விட்டு இழுத்தோம். நுனியில்கூட ஒன்றும் இல்லை. ஆட்டோ பிடித்து ஒயில் வாங்கிவந்து ஊற்றினோம். ஏறக்குறைய இரண்டு லீற்றர் உள்ளே போனது. மொத்தக் கொள்ளளவே மூன்றரைதான்.

அப்போது ஸ்டிக்கர் என்ன சொன்னது தெரியுமா? இன்னும் 600 கிலோமீற்றர் பாக்கி!

அன்றைக்கு எங்களுக்கு உறைத்தது. மூன்று வருஷமாக நாங்கள் காவல் வைத்தது தப்பான வாசலில். ஒயில் பழசாகிவிடும் என்று பயந்தோம். ஒயில் இல்லாமலே போய்விடும் என்று நினைக்கவில்லை.

பழைய எஞ்சினில் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், வால்வ் சீல் ரப்பர் இறுகியிருக்கும். அந்த இடைவெளியால் ஒயில் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து புகைக்குழாயால் போகும். கீழே ஒரு சொட்டும் விழாது, ஆகவே நமக்குத் தெரியாது. எங்கள் கார் ஆயிரம் கிலோமீற்றருக்கு முக்கால் லீற்றருக்கு மேல் குடித்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது, சமதரையில் நிறுத்தி, கம்பியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தால் போதும். அதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஸ்டிக்கரை மட்டும் ஒட்டினார்கள்.

இனி எங்கள் வழக்குக்கு வருவோம்.

ஒரே எண்ணை எல்லா வாகனத்துக்கும், எல்லா ஒயிலுக்கும், எல்லா ரோட்டுக்கும் எழுதுவது தொழில் இல்லை. அது வெறும் பழக்கம். சாதாரண மினரல் ஒயில் ஊற்றினாலும் 3,000, அதைப்போல இரண்டு மூன்று மடங்கு விலைக்கு சிந்தெடிக் ஊற்றினாலும் 3,000 என்றால், அந்தக் கூடுதல் காசுக்கு நாங்கள் என்னத்தை வாங்கினோம்?

மூவாயிரம் என்ற எண் உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் நெடுங்காலம் "3,000 மைலுக்கு ஒருக்கா" என்பது வேதவாக்கு மாதிரி இருந்தது. கவனியுங்கள், மைல்! கிலோமீற்றரில் அது 4,800க்கு மேல். அதுவும் பழைய காலத்துச் சாதாரண ஒயிலை வைத்து வந்த எண். அதைக் கைவிடுங்கள், உங்கள் வாகனத்தின் கைநூலில் உள்ள எண்ணைப் பாருங்கள் என்று கலிபோர்னியா மாநில அரசின் கழிவு முகாமைத் திணைக்களமே பிரசாரம் நடத்தியது. வாகனக் கம்பனி அல்ல, கழிவைப் பொறுப்பேற்கிற திணைக்களம். காரணம், தேவையில்லாமல் மாற்றுகிற ஒவ்வொரு ஒயிலும் கழிவாகத்தான் வந்து சேர்கிறது.

"அப்ப சிந்தெடிக் எண்டால் பதினையாயிரம் ஓடலாம்தானே சேர்?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இல்லை. அவர்களோடும் எங்களுக்குச் சண்டைதான்.

டொயோட்டா, அமெரிக்காவில் விற்கும் புதிய கார்கள் பலவற்றுக்கு சிந்தெடிக் ஒயிலை வைத்துச் சொல்கிற கணக்கு 10,000 மைல் அல்லது 12 மாதம். ஆனால் தூசு ரோட்டில் ஓடுகிறவருக்கு அதே கம்பனி அதைப் பாதியாக்கி 5,000 மைல் அல்லது 6 மாதம் என்கிறது. அதாவது 8,000 கிலோமீற்றர். அதுவும் புது எஞ்சினுக்கு. படுவான்கரைக் கிறவல் ரோட்டில், அறுவடைக் காலத்துத் தூசிக்குள், முப்பது வயது எஞ்சினுக்கு அதையும் குறைக்கத்தான் வேண்டும்.

ஏன் குறைக்க வேண்டும்? சிந்தெடிக் ஒயிலின் அடிப்படை எண்ணெய் சூட்டைத் தாங்கும், இலகுவில் தடிக்காது. அது உண்மை. ஆனால் போத்தலுக்குள் இருப்பது எண்ணெய் மட்டுமல்ல. அழுக்கைக் கழுவுகிற மருந்து, அமிலத்தை முறிக்கிற மருந்து, தேய்மானத்தைத் தடுக்கிற மருந்து எல்லாம் கலந்திருக்கின்றன. அவை வேலை செய்யச் செய்யத் தீரும். தேய்ந்த எஞ்சினில் ரிங்கைத் தாண்டிக் கரியும் பெற்றோலும் நீராவியும் ஒயிலுக்குள் கூடுதலாக இறங்கும். கார்பரேட்டர் வாகனம் என்றால் பெற்றோல் இன்னும் கூட இறங்கும். ஆகவே பழைய எஞ்சின், எந்த நல்ல ஒயிலையும் புது எஞ்சினைவிடச் சீக்கிரம் களைக்க வைக்கும்.

இன்னொரு சங்கதி. "சிந்தெடிக்" என்ற சொல்லே ஒரே பொருள் உள்ள சொல் அல்ல. அமெரிக்காவில் மொபில் கம்பனி, கஸ்ட்ரோல் தன் ஒயிலைச் சிந்தெடிக் என்று விளம்பரம் செய்வது பிழை என்று விளம்பரக் கண்காணிப்பு அமைப்பிடம் முறையிட்டது. 1999இல் முடிவு கஸ்ட்ரோல் பக்கம் வந்தது. அதன் பிறகு, மசகெண்ணெயைக் கடுமையாகச் சுத்திகரித்து எடுப்பதையும் சிந்தெடிக் என்றே விற்கலாம் என்றாயிற்று. அது கெட்ட ஒயில் என்று நாங்கள் சொல்லவில்லை. போத்தலின் முன்பக்கத்தில் உள்ள பெரிய எழுத்தை மட்டும் நம்பாதீர்கள் என்கிறோம். பின்பக்கத்தைத் திருப்பி ஏ.பி.ஐ. தரத்தைப் பாருங்கள். பெற்றோல் வாகனத்துக்கு எஸ்.என் என்பது 2010இல் வந்த தரம், எஸ்.பி என்பது 2020இல் வந்தது. தடிப்பு எண்ணைக் கைநூலோடு ஒப்பிடுங்கள். மூடி உடையாமல் இருக்கிறதா பாருங்கள். பீப்பாவிலிருந்து அளந்து ஊற்றுகிற "சிந்தெடிக்" என்றால் இரண்டு தரம் யோசியுங்கள்.

ஓட்டத்திலும் வித்தியாசம் இருக்கிறது. நாங்கள் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினால் இருபது முப்பது கிலோமீற்றர் ஓடுகிறோம். எஞ்சின் நன்றாகச் சூடாகும், ஒயிலுக்குள் சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போகும். எங்கள் ஊரில் ஒரு காக்கா இருக்கிறார். அவருடைய கார் வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து பள்ளிவாசலுக்கு, திரும்ப வீட்டுக்கு. ஒவ்வொன்றும் ஒரு கிலோமீற்றர் இல்லை. எஞ்சின் சூடாகுமுன் நிறுத்துகிறார். வருஷத்துக்கு 2,500கூட ஓடாது. ஸ்டிக்கர் கணக்குப்படி அவர் ஒரு வருஷத்துக்கு மேல் ஒயில் மாற்றத் தேவையில்லை! உண்மையில் எங்களைவிட அவர்தான் நாட்கணக்கைப் பார்த்து மாற்ற வேண்டியவர். 2022இல் கியூஆர் வரிசைக் காலத்தில் வாகனங்களை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்து, "ஓடவில்லைதானே" என்று பழைய ஒயிலோடு திரும்ப எடுத்தவர்களும் இதே பிழையைத்தான் விட்டார்கள்.

"சேர், நேரத்தோட மாத்துறதால எஞ்சினுக்கு நட்டமில்லைதானே?" என்று கேட்பீர்கள். எஞ்சினுக்கு நட்டமில்லை. உங்கள் பொக்கற்றுக்கு நட்டம். 3,000க்கு ஒரு தடவை சிந்தெடிக் மாற்றுகிற எத்தனை பேர் பிரேக் ஒயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறீர்கள்? வழுக்கையான டயரோடு பாலத்தில் மழைக்குள் போகிறவர்கள் எத்தனை பேர்? இருக்கிற காசு ஒன்றுதான். அதை எஞ்சினுக்குள் வீணாக ஊற்றினால் பிரேக்குக்குக் குறையும்.

பொக்கற்றைவிடப் பெரிய நட்டமும் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறோம்.

கழற்றிய ஒயில் எங்கே போகிறது என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? நாங்களும் மூன்று வருஷமாகக் கேட்கவில்லை. ஒரு நாள் கராஜின் பின்பக்கம் போனோம். பீப்பா ஒன்று நிரம்பி வழிந்து, மண் கறுத்து, கான் வரை கோடு போட்டிருந்தது. அந்தக் கான் வாய்க்காலில் சேரும், வாய்க்கால் வாவியில் சேரும். மார்கழி வெள்ளம் வந்தால் ஒரே இரவில் எல்லாம் போய்விடும், மண் திரும்பச் சுத்தமாகிவிடும். எங்கள் கண்ணுக்கு மட்டும்.

ஒரு வாகனத்திலிருந்து ஒரு தடவை கழற்றுகிற ஒயில் பத்து இலட்சம் கலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கப் போதும் என்பது அமெரிக்கச் சுற்றாடல் நிறுவனத்தின் கணக்கு. எங்கள் கார் வருஷத்துக்கு 12,000 ஓடும். 3,000க்கு ஒரு தடவை என்றால் நாலு மாற்றம், 14 லீற்றர் கழிவு. 6,000க்கு ஒரு தடவை என்றால் 7 லீற்றர். எங்களைப்போல நூறு வாகனம் என்று வையுங்கள். வருஷத்துக்கு 700 லீற்றர் கறுப்பு ஒயில், ஒரு தேவையும் இல்லாமல். இறாலும் நண்டும் கொடுவாவும் பிடித்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்களின் தண்ணீர் அது. அந்தப் பிள்ளைகளுக்குத்தான் நாங்கள் சுற்றாடல் பாடம் நடத்துகிறோம்.

கழிவு ஒயிலைக் கண்ட இடத்தில் ஊற்றக் கூடாது என்பது சட்டம். 2008ஆம் ஆண்டின் சுற்றாடல் ஒழுங்குவிதிகளில் அது பட்டியலிடப்பட்ட கழிவு. சேர்விஸ் ஸ்டேஷனுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். சட்டம் இருக்கிறது. ஆனால் சின்னக் கராஜ் வைத்திருக்கிற தம்பி ஒரு பீப்பாவை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? அதற்கு ஒரு சேகரிப்பு இடத்தைப் பிரதேச சபை ஒழுங்கு செய்ய வேண்டும் என்று கேட்கிறோம். நூறு வாகனக்காரர் சேர்ந்து கேட்டால் காது கேட்கும்.

கராஜ்காரர்களின் வயிற்றில் அடிக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். அவர்களும் எங்கள் மாணவர்கள்தான், பலர் எங்களிடம் படித்தவர்கள். ஒயில் மாற்றுகிற கூலிக்குப் பதிலாக வால்வ் சீல், எயார் பில்டர், பிரேக், கூலன்ட் வேலைகளுக்குக் கூலி தருகிறோம். அதில் அவர்களுடைய கைத்திறமைக்கு மரியாதை. எங்கள் காருக்கு வால்வ் சீல் மாற்றியது இதே ஊர்த் தம்பிதான். இப்போது ஆயிரத்துக்குக் கால் லீற்றர்தான் குறைகிறது.

நாங்கள் இப்போது கடைப்பிடிக்கிற ஒழுங்கு இது. உங்கள் கைநூல் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள்.

1. கிழமைக்கு ஒரு நாள் டிப்ஸ்டிக் பார்ப்பது. நாங்கள் ஞாயிறு பின்னேரம். குறைந்ததை எழுதி வைப்பது.

2. நல்ல சிந்தெடிக், நீண்ட ஓட்டம், ஒயில் அதிகம் எரிக்காத பழைய எஞ்சின்: 6,000 முதல் 7,500 கிலோமீற்றர். ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை.

3. தூசு ரோடு, குட்டி ஓட்டம், கார்பரேட்டர்: 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது.

4. லீற்றர் கணக்கில் குடிக்கிற எஞ்சினுக்கு விலை கூடிய சிந்தெடிக் வேண்டாம். கைநூல் அனுமதிக்கிற தரமான மினரல் ஒயிலை ஊற்றி, மிச்சக் காசில் எஞ்சினைத் திருத்துங்கள்.

5. ஒயில் மாற்றும்போதெல்லாம் பில்டரும் மாற்றுங்கள்.

6. ஒயில் கறுத்துவிட்டதே என்று பயப்படாதீர்கள். அழுக்கை அது தாங்கி நிற்கிறது என்று அர்த்தம். பால் தேத்தண்ணி நிறமாக வந்தால் பயப்படுங்கள், தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கஸ்கட்டைக் காட்டுங்கள். பெற்றோல் மணம் அடித்தால் உடனே மாற்றுங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அது திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் எங்களைப்போன்ற சம்பளக்காரர்களுக்குத் தலை சுற்றுகிறது. இருக்கிற பழைய வாகனம்தான் எங்களுக்கு இனியும் வாகனம். அதை ஒரு துண்டு ஸ்டிக்கரின் பொறுப்பில் விடாதீர்கள்.

பிழை இருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறோம். கராஜ் வைத்திருக்கிற தம்பிமாரும் எழுதுங்கள். ஆனால் அதற்கு முதல் எழுந்து போய், உங்கள் பொனட்டைத் திறந்து கம்பியை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சேகரிப்பு இடம் கேட்டு எழுதப்போகிற கடிதத்தில் கையெழுத்து வைக்க விரும்புகிறவர்கள் கொமண்டில் "நானும்" என்று போடுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம்.