ஒரு நூல் இடைவெளி

கிங்ஸ் சர்க்கிள் பூங்காவுக்கு மகேஷ்வரி உத்யான் என்று பெயர் மாற்றி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. டாக்ஸிக்காரரிடம் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறோம். அதற்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய கட்டடத்தின் கீழ்த்தளக் கராஜில், இருவர் மட்டுமே உட்காரக்கூடிய கார் ஒன்று சக்கரமில்லாமல் மரக்கட்டைகள் மேல் நிற்கிறது. 1965-ம் வருடத்து டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1147 சி.சி. இன்ஜின், இரட்டைக் கார்புரேட்டர்.

சொந்தக்காரர் என் நண்பர். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ஊருக்குத் திரும்பிய ஒரு தூதரக அதிகாரியின் வண்டியை அவருடைய அப்பா வாங்கியிருந்தார். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ. மழை கொட்டியது. சாதாரண மழைக்கே குளமாகிவிடும் காந்தி மார்க்கெட் பகுதியில் அன்று தண்ணீர் இந்தக் காரின் ஸ்டீயரிங் வரை ஏறியது. பிறகு பல வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. வேலை தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது.

ஸ்பிட்ஃபயர் நமக்கு முழுக்க அந்நியமல்ல. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் கம்பெனி தயாரித்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் 1962-ல் இதை உருவாக்கினார்கள். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான மிகெலோட்டி. இரண்டிலும் பானெட் முன்பக்கமாக மொத்தமாய்க் கவிழ்ந்து திறக்கும். நண்பரின் காருக்கு ஸ்டீயரிங் பாகங்கள் சென்னை புதுப்பேட்டையிலிருந்து, ஒரு செத்துப்போன ஹெரால்டிலிருந்து வந்தன. மதராஸ் அண்ணன் பம்பாய்த் தம்பிக்கு உறுப்பு தானம் செய்தது போல.

ஆனால் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஹெரால்டில் கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டம் அடிச்சட்டத்தின் பகுதி. ஸ்பிட்ஃபயரில் அது கிடையாது. அங்கே பாடியின் தகட்டுப் பெட்டிதான் பாரத்தைத் தாங்குகிறது. அது துருப்பிடித்தால், கதவு வாசலில் குறுக்கே இரும்புக் கம்பி வெல்டு செய்து முட்டுக் கொடுத்த பிறகே வெட்ட வேண்டும். முதலில் பொறுப்பேற்ற ஒரு ஒர்க்‌ஷாப்பில் முட்டுக் கொடுக்காமலே வெட்டிவிட்டார்கள். பாடி நடுவில் தொய்ந்து இரண்டு கதவுகளும் மூட மறுத்தன. நண்பர் அன்று என்னோடு டீ குடிக்கக்கூட வரவில்லை.

இப்போது வேலை செய்கிறவர் தாராவியிலிருந்து வரும் டிங்கர், பூர்வீகம் திருநெல்வேலி. முப்பது வருடம் பத்மினி டாக்ஸிகளுக்குத் தட்டி நிமிர்த்தியவர். கடைசி பத்மினி டாக்ஸியின் ஆயுள் 2023 அக்டோபரில் முடிந்தது. அவருடைய வேலையும் அதோடு பாதி போயிற்று. "புதுசா தகடு வாங்கி மாட்டிரலாம் சார். ஆனா இந்த வளைவு இந்த வண்டிக்கு மட்டும் உள்ளது" என்கிறார். துருவை மணல் பீய்ச்சி எடுக்கலாமே என்றேன். மெல்லிய தகடு சூடேறி நெளியும் என்று சுரண்டியைக் கையில் எடுத்தார். கோயில் திருப்பணியில் மணல் பீய்ச்சிச் சிற்பங்களின் முகத்தையும் கல்வெட்டுகளின் எழுத்தையும் மழுங்கடித்தவர்கள் இவரிடம் ஒரு வாரம் பாடம் கேட்டிருக்கலாம்.

மொழிபெயர்ப்பவன் என்ற முறையில் எனக்கு ஒரு சிக்கல். இந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர்? 'புதுப்பித்தல்' என்றால் பழையது போய்விடுகிறது. 'பழுதுபார்த்தல்' போதாது. கோயிலுக்குச் சொல்லும் ஜீர்ணோத்தாரணம்தான் நெருங்கி வருகிறது: சிதைந்ததைத் தூக்கி நிறுத்துவது. காருக்கு அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

சட்டத்துக்கும் இதே சிக்கல். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதிப்படி, ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டி 'விண்டேஜ்' என்று பதிவு பெறலாம். பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடிச்சட்டம், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாறுதல் செய்யாமல் அசல் உருவில் இருக்க வேண்டும். எத்தனை அங்குலம் புதுத் தகடு வைத்தால் அசல் போகும்? மாநிலக் குழு பார்த்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் நண்பர் வெட்டி எடுத்த ஒவ்வொரு துருப்பிடித்த துண்டையும் நாள் எழுதிக் கோணிப்பையில் கட்டி வைத்திருக்கிறார். அவர் மனைவிக்கு அந்தக் கோணிப்பை மேல் தனிக் கோபம்.

போன ஞாயிறு இடது கதவு மூடியது. டிங்கர் மூன்று முறை திறந்து மூடிக் காட்டினார். வலது கதவில் மேல்மூலையில் இன்னும் ஒரு நூல் இடைவெளி இருக்கிறது. மழைக்காலம் தொடங்குவதற்குள் அதையும் எடுத்துவிடுவேன் என்கிறார்.